தலையில் அடி: எதைக் கவனிப்பது, எப்போது ஓடுவது

தலையில் அடிபட்டவரைப் பார்த்ததும் எல்லார் கண்ணும் முதலில் போவது ரத்தத்துக்கும் வீக்கத்துக்கும்தான். இயல்புதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவை அதிகம் சொல்வதில்லை. தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அடர்த்தியாக இருப்பதால் சின்னக் காயத்துக்கே சட்டை நனையும் அளவுக்கு ரத்தம் கொட்டும், மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொருவருக்கு வெளியே ஒரு சிராய்ப்புகூட இருக்காது, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அதனால் காயத்தின் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள்: போன மணி நேரத்தைவிட இப்போது இவர் தேறியிருக்கிறாரா, மோசமாகியிருக்கிறாரா?

மருத்துவம் படிக்காத, ஆனால் திடீரென்று ஒருவரைப் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டிய பொறுப்பு வந்துவிட்ட ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. டாக்டரிடம் போவதா வேண்டாமா, போனால் என்ன சொல்வது, திரும்பி வந்த பிறகு எதைப் பார்ப்பது, அவ்வளவுதான்.

1. விழுந்த இடத்திலேயே

ஆள் விழுந்ததும் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கத்தான் நமக்குத் தோன்றும். வேண்டாம். தலையில் பலமாக அடி விழுந்தால் கழுத்திலும் முதுகுத்தண்டிலும் பட்டிருக்கலாம், அவசரத்தில் தூக்கும்போது அது பெரிதாகிவிடும். வண்டிகள் போகும் சாலை, தீ என்று அந்த இடமே ஆபத்தாக இருந்தால் ஒழிய, அப்படியே படுத்திருக்கச் சொல்லுங்கள், தலையைத் திருப்பாமல் பேசச் சொல்லுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தால் மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாதவரை கழற்ற வேண்டாம்.

மூச்சு இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம். ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சை அழுத்தும் சிபிஆரைத் தொடங்குங்கள். மயங்கியிருக்கிறார் ஆனால் மூச்சு விடுகிறார், வாந்தியும் வருகிறது என்றால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி மொத்தமாக ஒரு பக்கம் உருட்டிப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள், எடுத்தால் உறையத் தொடங்கிய ரத்தமும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஆனால் அந்த இடத்தில் எலும்பு பள்ளமாக அமுங்கியது போலத் தெரிந்தால் அழுத்தக் கூடாது, துணியால் மூடினால் போதும். காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் மாதிரி ஏதாவது வடிந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், மூக்கைச் சிந்தவும் விடாதீர்கள். அது மூளையைச் சுற்றியிருக்கும் திரவமாக இருக்கலாம்.

வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். தேய்த்து அமுக்கி விடுவதால் வீக்கம் குறையாது, வலிதான் கூடும்.

வலிப்பு வந்தால் சுற்றியிருக்கும் பொருட்களை நகர்த்துங்கள், மணியைப் பாருங்கள், அடங்கியதும் ஒரு பக்கமாகத் திருப்புங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், பிடித்து அழுத்தவும் வேண்டாம்.

2. கேளுங்கள், எழுதி வையுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் பயன் அதிகம் இதில்தான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

"உன் பேர் என்ன?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. மூளை நன்றாகவே குலுங்கியவர்கூடத் தன் பெயரையும் பிறந்த தேதியையும் டக்கென்று சொல்லிவிடுவார். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களை வைத்து மேடாக்ஸ் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 1995இல் காட்டியது இதைத்தான். பழைய நினைவைவிடச் சற்று முன் நடந்ததைக் கேட்டால்தான் குழப்பம் வெளியே தெரியும். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், கடைசியாக கோல் போட்டது யார், போன வாரம் யாருடன் ஆடினோம், இப்படி. விளையாட்டு இல்லாத இடத்தில் அதையே மாற்றிக்கொள்ளலாம்: இங்கே எப்படி வந்தோம்? விழுவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய்? கடைசியாக என்ன சாப்பிட்டாய்? கொஞ்ச நேரம் முன்பு யாருடன் போனில் பேசினாய்?

பதிலை நேரத்தோடு எழுதுங்கள். காகிதமோ போனோ, எதில் வேண்டுமானாலும். இப்படி இருந்தால் போதும்:

4:10 படியில் சறுக்கி விழுந்தார், பின்மண்டை தரையில் பட்டது. மயக்கம் இல்லை.
4:15 "நான் எப்படி விழுந்தேன்?" என்று மூன்று தரம் கேட்டார், சொன்னது நிற்கவில்லை.
4:40 ஒரு வாந்தி. தலைவலி 10க்கு 4 என்கிறார்.
5:30 இப்போது தெளிவாகப் பேசுகிறார். தலைவலி அதே அளவு.

கடைசி வரியில் "தலைவலி 10க்கு 8, தூக்கமாக வருகிறது என்கிறார்" என்று இருந்திருந்தால் மேலே உள்ள மூன்று வரிகளுக்கும் அர்த்தமே வேறு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரிவது வரிசையாக எழுதும்போதுதான் எந்தப் பக்கம் போகிறது என்று புரியும். டாக்டர் முதலில் கேட்பதும் எத்தனை மணிக்கு அடிபட்டது, மயங்கினாரா, எவ்வளவு நேரம், எத்தனை வாந்தி என்றுதான், அந்தப் பதற்றத்தில் யாருக்கும் சரியாக நினைவு வராது.

மயக்கம் பற்றி ஒரு வார்த்தை. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. "மயங்கவில்லையே, அப்புறம் என்ன" என்று யாராவது சொன்னால் அதை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

3. இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ்

எழுப்பினாலும் எழாமல் இருப்பது, அல்லது மணிக்கு மணி மந்தமாகிக்கொண்டே போவது. தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது. திரும்பத் திரும்ப வாந்தி. வலிப்பு. பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, பக்கத்தில் இருப்பவரைத் தெரியாமல் விழிப்பது. ஒரு கை அல்லது ஒரு கால் பலமிழப்பது, மரத்துப்போவது, நடையில் ஒரு பக்கமாகச் சாய்வது. பார்வை இரண்டாகத் தெரிவது. காதிலிருந்து ரத்தம், காதிலோ மூக்கிலோ தெளிந்த திரவம். கண்களில் அடிபடாமலே இரண்டு கண்களைச் சுற்றியும் கருநீலம், அல்லது காதுக்குப் பின்னால் கன்றிப்போவது. இவை மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் இருப்பதற்கான அடையாளம், சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கழுத்தில் கடும் வலி.

கண்ணின் பாப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ரெண்டும் சமமா இருக்கு, ஒண்ணுமில்லை" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஒரு பாப்பா பெரிதாகி வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்பது உள்ளே அழுத்தம் நன்றாக ஏறிய பிறகு வரும் அறிகுறி. அதாவது தாமதமான அறிகுறி. இருந்தால் ஓட வேண்டும், சரி, ஆனால் இல்லை என்பது நல்ல செய்தி ஆகிவிடாது. பிறவியிலேயே பாப்பாக்களின் அளவில் சின்ன வித்தியாசம் உள்ளவர்களும் உண்டு.

நேரத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். மண்டையோடு விரிந்துகொடுக்காது. உள்ளே ரத்தம் சேரச் சேர மூளைக்கு இடம் குறைகிறது, முதலில் கொஞ்சம் சமாளிக்கும், ஒரு அளவைத் தாண்டியதும் சரசரவென்று நிலைமை சரியும். பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால் வருவது எபிடியூரல் ரத்தக்கட்டு. அதில் சிலர் அடிபட்ட பிறகு சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டு, நடந்துகொண்டு இருப்பார்கள். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் மான்ட் ட்ரெம்ப்ளான்ட்டில் பனிச்சறுக்குப் பாடத்தின்போது விழுந்தார். தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி முதலில் மருத்துவ உதவியை மறுத்துவிட்டார். அப்புறம் தலைவலி தொடங்கியது, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், விழுந்த இரண்டாம் நாள் இறந்துபோனார். வயது 45. எபிடியூரல் ரத்தக்கசிவு என்பது பிரேதப் பரிசோதனை முடிவு. நேரத்தோடு பிடித்து அறுவை சிகிச்சை செய்தால் முழுதாகத் தேறிவர வாய்ப்புள்ள பிரச்சினை இது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

4. நன்றாக இருந்தாலும் காட்ட வேண்டியவர்கள்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதலில்: வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகட்ரான், குளோபிடோக்ரெல் போன்றவை. மாத்திரைப் பட்டையையே கையோடு கொண்டுபோங்கள். ஆனால் நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், எதற்காகக் கொடுத்தார்களோ அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. நிறுத்துவதா, நிறுத்தினால் எப்போது மறுபடி தொடங்குவது என்பது டாக்டரின் முடிவு.

அடுத்து 65 வயதைத் தாண்டியவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், முன்பு மூளையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள். விழுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ நினைவிலிருந்து அழிந்துபோனவர்கள், ஓரிரு விநாடியாவது மயங்கியவர்கள், இரண்டு முறை வாந்தி எடுத்தவர்கள். வாகனம் மோதியவர்கள், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்கள். உயரத்திலிருந்து விழுந்தவர்கள், உயரம் என்றால் மாடி என்று நினைக்க வேண்டாம்: யாருக்கு சிடி ஸ்கேன் தேவை என்று முடிவு செய்ய டாக்டர்கள் பயன்படுத்தும் கனடிய விதியில் 3 அடி அல்லது 5 படி என்பதே ஆபத்தான உயரம்.

குடித்திருப்பவரைப் பற்றி. போதையும் மூளைக் காயமும் வெளியே ஒரே மாதிரி தெரியும், குழறல், தள்ளாட்டம், தூக்கம். "தெளியட்டும், காலையில் பார்க்கலாம்" என்பது இந்த விஷயத்தில் மிக மோசமான முடிவு. சந்தேகம் இருந்தால் காயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகளின் கணக்கு வேறு. தலைவலி என்று சொல்லத் தெரியாது. எதற்கும் சமாதானமாகாத அழுகை, பால் குடிக்காமல் இருப்பது, வழக்கமில்லாத தூக்கம், உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நெற்றியில் வரும் வீக்கத்தைவிடப் பக்கவாட்டிலும் பின்மண்டையிலும் வரும் வீக்கம்தான் கவலைக்குரியது, அதிலும் தொட்டால் மெத்தென்று இருந்தால். குழந்தைகளுக்கு ஸ்கேன் தேவையா என்று பார்க்க 2009இல் வெளியான பெகார்ன் விதிகளில் இரண்டு வயதுக்குக் கீழே ஒரு அளவுகோல், குழந்தை வழக்கம்போல இல்லை என்று பெற்றோருக்குப் படுவது. ஆகவே "ஏதோ சரியில்லை டாக்டர், இவள் இப்படி இருக்கமாட்டாள்" என்று சொல்லத் தயங்காதீர்கள், அது பதற்றம் இல்லை, தகவல்.

5. மருத்துவமனையில்

அடிபட்டவர் கண்ணைத் திறப்பது, பேசுவது, சொன்னபடி அசைப்பது மூன்றையும் பார்த்து டாக்டர் ஒரு எண் போடுவார். கிளாஸ்கோ நகரில் 1974இல் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இருவர் உருவாக்கியது, 3 முதல் 15 வரை. 15 என்றால் முழு விழிப்பு. கோப்பில் முதலில் 15, அப்புறம் 14, அப்புறம் 13 என்று இறங்கினால் அவர்கள் வேகம் கூடும். நீங்கள் எழுதி வைத்த குறிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எல்லாருக்கும் சிடி எடுக்க மாட்டார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தேவையில்லாத கதிர்வீச்சு. சில நேரம் நான்கைந்து மணி நேரம் வைத்துப் பார்ப்பதே சரியான சிகிச்சை. எடுத்து அது நார்மல் என்று வந்தால், இப்போதைக்கு ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ தெரியவில்லை என்று பொருள். கன்கஷன் சிடியில் தெரியாது. "ஸ்கேன் நார்மல், இவன் நடிக்கிறான்" என்று வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை: இரவில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா, எந்த வலி மாத்திரை, எதைக் கண்டால் திரும்பி வருவது.

6. முதல் இரவு

தூங்கவே விடக் கூடாது என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கத்தால் யாரும் மோசமாவதில்லை. தூக்கத்தில் மோசமாவதைக் கவனிக்க முடியாது என்பதுதான் அந்தப் பயத்தின் வேர். டாக்டர் பார்த்து அனுப்பியவர், தெளிவாகப் பேசுகிறவர், தாராளமாகத் தூங்கலாம், மூளைக்கு அது தேவை. ஆனால் முதல் 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள்.

எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுப்புவது என்றால் தோளைத் தட்டினால் "ம்ம்" என்று புரண்டு படுப்பது இல்லை. கண்ணைத் திறக்க வேண்டும், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், இரண்டு கையாலும் உங்கள் விரல்களை ஒரே பலத்தோடு இறுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் திட்டினால்கூட நல்லதுதான், முழு வாக்கியமாகத் திட்டினால் இன்னும் நல்லது. எழுப்ப முடியவில்லை, அல்லது வழக்கமில்லாத கனத்த குறட்டையோடு அசையாமல் கிடக்கிறார் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால், அட்டையில் போட்ட அளவுக்குள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகைகள் ரத்தம் உறைவதைப் பாதிக்கும், முதல் இரண்டு நாள் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் அதையும் டாக்டரிடமே கேளுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் அறவே கூடாது, உடம்புக்குக் கெடுதல் என்பது ஒருபுறம், நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகளையே அவை மறைத்துவிடும். மாத்திரை போட்டும் தலைவலி ஏறுகிறது என்றால் அடுத்த மாத்திரை தேவையில்லை, ஆஸ்பத்திரி தேவை.

7. அடுத்த சில நாள்

கன்கஷன் மட்டும்தான் என்றால் இனி வருவது அபாயம் இல்லை, எரிச்சல். தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது, படித்த வரியையே மறுபடி படிப்பது, பேசிக்கொண்டிருக்கும்போதே விட்ட இடம் மறப்பது, காரணமில்லாத கோபம், அழுகை, தூக்கம் அதிகமாவது அல்லது வராமலே போவது. சிலது இரண்டாம் நாள்தான் தலைகாட்டும். கோபத்தைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் அறிகுறிதான்.

முன்பெல்லாம் இருட்டறையில் அசையாமல் கிடக்கச் சொல்வார்கள். இப்போது அப்படி இல்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுக் கன்கஷன் மாநாட்டின் பரிந்துரை, முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அந்த நேரத்தில் போன், டிவி போன்ற திரைகளைக் குறைப்பது, ஆனால் வீட்டுக்குள் நடமாடுவதும் மெல்ல நடப்பதும் தொடக்கத்திலிருந்தே சரி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். எவ்வளவு என்பதற்கு அவர்கள் தரும் அளவு கையாள எளிது: ஏதாவது செய்யும்போது தொந்தரவு 10க்கு 2 புள்ளி வரை மட்டும் கூடி, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் கொஞ்சம் குறைவாகத் தொடங்குங்கள்.

வண்டி ஓட்டுவது குறைந்தது 24 மணி நேரத்துக்கு வேண்டாம், கிறுகிறுப்போ மந்தமோ இருக்கும்வரை அதற்குப் பிறகும் வேண்டாம். ஏணி, இயந்திரம் எல்லாம் அதே கணக்கு.

விளையாடுபவர்களிடம் நான் கறாராகச் சொல்வது: அடிபட்ட அன்று திரும்ப மைதானத்தில் இறங்கக் கூடாது, எவ்வளவு தெளிவாக இருந்தாலும். முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாகத்தான் என்றாலும், மூளை வேகமாக வீங்கி உயிரே போயிருக்கிறது, அதிலும் இளம் வயதினருக்கு. பள்ளி, கல்லூரி, வேலைக்கு முழுதாகத் திரும்பிய பிறகுதான் முழு விளையாட்டு. அதிலும் ஆறு கட்டம் உண்டு, அன்றாட நடமாட்டத்தில் தொடங்கி லேசான சைக்கிள், தனிப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். மோதலுக்கு இடமுள்ள கட்டங்களுக்குப் போகும் முன் டாக்டரின் ஒப்புதல் வேண்டும்.

8. வாரக்கணக்கில் நீண்டால்

பெரியவர்களில் பலர் இரண்டு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள், பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். அதைத் தாண்டினால் "போகப் போகச் சரியாகும்" என்று உட்காராமல் மறுபடி காட்டுங்கள். ஏனென்றால் மிஞ்சியிருக்கும் தொந்தரவுக்குச் சிகிச்சை உள்ள தனிக் காரணம் இருக்கலாம். படுக்கையில் புரண்டால் மட்டும் உலகமே சுற்றினால் உட்காதின் நுண்கற்கள் இடம் மாறியிருக்கலாம், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகும். பிடரியிலிருந்து ஏறும் தலைவலிக்குக் கழுத்துத் தசை காரணமாக இருக்கலாம், பிசியோதெரபி உதவும். மனச்சோர்வும் தூக்கக்கேடும் தனியாகவே கவனிக்க வேண்டியவை.

வயதானவர்களுக்குக் கெடு இன்னும் நீளம். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி, மண்டையோட்டுக்கும் அதற்கும் இடையில் உள்ள சிரை எனப்படும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான இடிபட்டாலே அவற்றில் ஒன்று அறுந்து ரத்தம் துளித்துளியாகச் சேரும். சப்டியூரல் ரத்தக்கட்டு. அடிபட்டு மூன்று நான்கு வாரம் கழித்து நடை தடுமாறும், பேச்சு குறையும், பகலெல்லாம் தூங்குவார், ஒரு கை சோர்ந்து தொங்கும். வீட்டில் "வயசாயிடுச்சு, மறதி" என்பார்கள், அல்லது பக்கவாதம் என்று நினைப்பார்கள். அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டது அதற்குள் எல்லாருக்கும் மறந்திருக்கும், அவருக்கும்தான். அதனால் வயதானவருக்குச் சில நாளிலோ வாரத்திலோ இப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் அன்றே காட்டுங்கள், கடந்த இரண்டு மூன்று மாதத்தில் விழுந்தாரா, எங்காவது இடித்துக்கொண்டாரா என்று யோசித்து டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மண்டையோட்டில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றினால் பலர் பழையபடி நடக்கவும் பேசவும் தொடங்கிவிடுகிறார்கள்.